மூணு தெர்மாமீட்டரும் மூணு விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

குன்னூரில் நான்கடி டிஸ்கஸ் மீன்தொட்டி. ஹீட்டரை 29-ல் வைத்திருக்கிறீர்கள். வெளிக்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் 26 என்கிறது, உள்ளே நிற்கும் கண்ணாடிக் குழாய் 28 என்கிறது, வயர் போட்ட டிஜிட்டல் 30.2 என்கிறது. இதில் எதை நம்புவது, துல்லியமாக ஒன்று வாங்குவதென்றால் எந்த வகையை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதே போய் நான்காவதாக ஒன்று வாங்கினால் நான்காவதாக ஓர் எண் கிடைக்கும், அவ்வளவுதான். மீன்தொட்டிக்கென்று விற்கிற தெர்மாமீட்டர்களில் கடையிலிருந்து வரும்போதே சரியாக இருப்பவையும் உண்டு, இரண்டு டிகிரி தப்பாக இருப்பவையும் உண்டு. ஒரே அட்டைப்பெட்டியில் வந்த இரண்டு கூட ஒத்துப்போகாமல் இருக்கும். அதனால் எந்த வகை, என்ன விலை என்பதைவிட, வாங்கியதை வீட்டில் சரிபார்த்தோமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு ஆகிற செலவு ஒரு டம்ளர் ஐஸ்.

சோதனைக்குப் போகும் முன் உங்கள் மூன்று எண்களையும் கொஞ்சம் பார்ப்போம். எனக்கு அவை அப்படியொன்றும் புதிராகத் தெரியவில்லை.

முதலில் ஸ்டிக்கர். பாவம், அதன் மேல் தப்பில்லை. அது தண்ணீரைத் தொடவே இல்லையே. கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே 28 டிகிரி தண்ணீர், வெளியே ஜனவரி ராத்திரியில் 14 டிகிரி அறை என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்கும் 10 மில்லிமீட்டர் கண்ணாடியின் வெளிப்புறம் இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் இருக்கும். தோராயமாகக் கணக்குப் போட்டால், அறைக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தில் எட்டில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும் என்று வருகிறது. 14-ல் எட்டில் ஒன்று, ஒன்றே முக்கால். 28-ல் அதைக் கழித்தால் 26-ஐ ஒட்டி வந்துவிடுகிறது, பாருங்கள். இதே ஸ்டிக்கரை மே மாதச் சென்னையில், அறையும் தொட்டியும் ஒன்றுபோல 31-ல் இருக்கிற வீட்டில் ஒட்டினால் பிழையே தெரியாது. மலைமேல் வீடு, ஏசி போட்ட அறை, இந்த இரண்டு இடத்திலும்தான் அது குறைவாகக் காட்டும். போதாததற்கு, அதன் கட்டங்களே பெரும்பாலும் இரண்டு டிகிரிக்கு ஒன்று. பச்சையாகத் தெரிகிற எண்தான் அளவு. பச்சையே இல்லாமல் ஒரு கட்டம் நீலமாகவும் அதற்கு மேலே உள்ளது பழுப்பாகவும் தெரிந்தால் இரண்டுக்கும் நடுவில் என்று கொள்ள வேண்டும். தூரத்திலிருந்து பார்த்து, தொட்டி ஏடாகூடமாக ஏதும் ஆகிவிடவில்லை என்று தெரிந்துகொள்ள அது போதும். கிழித்து வேறு இடத்தில் ஒட்டினால் போச்சு.

அடுத்து டிஜிட்டல். உங்களுடையது எத்தனை மாதமாகத் தண்ணீரில் கிடக்கிறது? ஒரு வருடத்துக்கு மேல் என்றால் எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான். ஏன் என்றால் நானே பட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், கோவையில், ஒரு மழைக்கால டிசம்பர். என் தொட்டியில் ஆறு டிஸ்கஸ். கறுப்புப் பெட்டி மாதிரி இருக்குமே, ஒரு மீட்டர் வயரும் முனையில் ஒரு பிளாஸ்டிக் மொட்டும் வைத்தது, அந்த வகை டிஜிட்டல் ஒன்றைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது 29, 29.5, 30 என்று வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நானும் சமர்த்தாக ஹீட்டரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். மீன்கள் கறுத்துப்போய் பின்மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன, தீனியைத் துப்பின. குடல் புழுவோ என்று மருந்து கூடப் போட்டேன். ஒருநாள் ஃபில்டர் கழுவ முழங்கை வரை கையை விட்டபோதுதான் தண்ணீர் சில்லென்று இருப்பது உறைத்தது. கண்ணாடித் தெர்மாமீட்டரைத் தேடி எடுத்துப் போட்டால் 25. டிஜிட்டலில் அப்போதும் 29.4. ஒரு மீன் போய்விட்டது, ஐந்து தேறின.

நடந்தது இதுதான். அந்த மொட்டுக்குள் இருப்பது தெர்மிஸ்டர் என்ற சின்ன மணி. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பெட்டி அந்தத் தடையை அளந்து டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது. மொட்டின் பூச்சில் மயிரிழை விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தால், மின்சாரம் போக இன்னொரு பாதை கிடைத்துவிடும். மொத்தத் தடை குறையும். பெட்டிக்கு அது என்ன தெரியும், சூடு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கசிந்த மொட்டு பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். அதுவும் ஒரே நாளில் தாவாமல் வாரக்கணக்கில் ஊர்ந்து ஏறும், நமக்குச் சந்தேகமே வராது. திடீரென்று 50 காட்டியிருந்தால் அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பேனே. எழுத்து மங்கத் தொடங்கினால் பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பேட்டரி சாகும் நேரத்தில் காட்டுகிற எண்ணுக்கு மதிப்புக் கிடையாது.

இன்னொன்று, 30.2 என்பதில் உள்ள அந்தப் புள்ளி இரண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்தில் ஒரு பங்கு வரை எழுதிக் காட்டுவது வேறு, பத்தில் ஒரு பங்கு வரை சரியாக இருப்பது வேறு. இந்த வகைக் கருவிகளின் குறிப்புத்தாளை விரித்துப் படித்தால் கூட்டியோ குறைத்தோ ஒரு டிகிரி வரை இருக்கலாம் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

கண்ணாடிக் குழாய்க்கு வருவோம். மூன்றில் பந்தயம் கட்டச் சொன்னால் நான் இதன் மேல்தான் கட்டுவேன். பேட்டரி இல்லை, கசிய ஏதும் இல்லை. உள்ளே சாயம் போட்ட ஸ்பிரிட் ஏறுகிறது, இறங்குகிறது. இதற்கும் இரண்டு வியாதி உண்டு. ஒன்று, மலிவான குழாய்களில் எண் போட்ட தாள் உள்ளே தனியாகச் செருகியிருக்கும். மேலே தொட்டுவைத்த பசை விட்டுவிட்டால் தாள் கீழே நழுவும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் கூட்டித்தான் காட்டும். வாங்கிய அன்றே தாளின் மேல்விளிம்பு எங்கே நிற்கிறது என்று வெளியே மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள், நழுவினால் தெரிந்துவிடும். இரண்டாவது, பார்சலில் படுத்துக்கொண்டே வந்த குழாயில் சிவப்புக் கோடு நடுவில் அறுந்து, மேலே ஒரு துண்டு தனியாக நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியும். ஐஸில் கொஞ்சம் உப்புப் போட்டு அதில் அடிக்குமிழை வைத்தால் ஸ்பிரிட் முழுக்கச் சுருங்கிக் கீழே இறங்கி ஒன்றுசேரும். சேராவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். படிக்கும்போது கண் சிவப்பு முனைக்கு நேராக இருக்கட்டும். நின்றுகொண்டு மேலிருந்து குனிந்து பார்த்தாலே அரை டிகிரி போய்விடும்.

சரி, சோதனை.

முதல் வேலை, டிஜிட்டல் மொட்டையும் கண்ணாடிக் குழாயையும் ஒரே பக்கெட்டில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, பத்து நிமிடம் விட்டு, கலக்கிவிட்டுப் பாருங்கள். தொட்டியில் ஒன்று ஹீட்டர் பக்கமும் மற்றது எதிர்மூலையில் மணலுக்குள்ளும் இருந்திருந்தால் இரண்டும் உண்மையையே சொல்லியிருக்கலாம். தண்ணீரே இரண்டு சூட்டில் இருந்திருக்கலாம். பக்கெட்டிலும் ஒத்துவரவில்லை என்றால்தான் கருவி மேல் கை வைக்க வேண்டும்.

அடுத்து ஐஸ். ஃபிரிட்ஜில் ஆர்ஓ தண்ணீரில் கட்டிய ஐஸை ஒரு துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் நன்றாகத் தட்டி, வாய் அகலமான ஃபிளாஸ்க்கிலோ பெரிய எவர்சில்வர் டம்ளரிலோ அடிவரை திணியுங்கள். இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டம்ளர் நிறையத் தண்ணீர் விட்டு மேலே நாலு ஐஸ் கட்டி மிதக்கவிட்டால், அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கிவிடும், ஏனென்றால் தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது அந்தச் சூட்டில்தான். அதில் மொட்டை இறக்கிவிட்டுத் தெர்மாமீட்டர் 4 டிகிரி தப்பு என்று முடிவு கட்டுவார்கள். பாதி ஐஸ், பாதி தண்ணீர் என்று கூழாக இருக்க வேண்டும். கருவி சுவரையும் அடியையும் தொடாமல் நடுவில் நிற்கட்டும். கிளறிக்கொண்டே ஐந்து நிமிடம். எண் அசையாமல் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். 0 காட்டினால் சரி. 0.8 காட்டினால் உங்கள் கருவி 0.8 கூட்டிச் சொல்கிறது.

கொதிநீரில் 100 பார்க்கலாமா என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். 50 டிகிரி வரை போட்ட கண்ணாடிக் குழாயைக் கொதிநீரில் விட்டால் வெடித்துவிடும். அப்புறம், நீங்கள் இருப்பது குன்னூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். அங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஐஸ் அப்படியில்லை, மெரினாவில் வைத்தாலும் குன்னூரில் வைத்தாலும் 0 தான்.

ஆனால் மீன் வாழ்வது 0-ல் இல்லை. அதோடு பல மீன்தொட்டிக் குழாய்களில் எண்ணே 18-க்கு மேல்தான் தொடங்குகிறது, ஐஸில் வைத்துப் பயனில்லை. அதற்குத்தான் வீட்டில் இருக்கிற காய்ச்சல் தெர்மாமீட்டர். அக்குளில் வைக்கிற டிஜிட்டல் வகையைச் சொல்கிறேன். சாதாரண வீட்டில் இருக்கும் கருவிகளிலேயே மிகத் துல்லியமானது அதுதான். உடல்சூட்டை ஒட்டிய அளவில் நல்ல கம்பெனிக் கருவியின் பிழை பத்தில் ஒரு டிகிரிக்குள் நிற்கும். ஒரு பக்கெட் நிறைய 37 டிகிரிக்குத் தண்ணீர் விளாவுங்கள். பக்கெட் நிறைய என்று சொல்வது, டம்ளர் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடும் என்பதால். தொட்டித் தெர்மாமீட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கட்டும். காய்ச்சல் தெர்மாமீட்டரின் உலோக முனையை மட்டும் அதன் பக்கத்தில் நனைத்து, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இரண்டையும் ஒரே நேரத்தில் படியுங்கள். இது உச்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எனவே மறுபடி பார்க்க வேண்டுமென்றால் அணைத்துவிட்டுப் போடுங்கள். நெற்றிக்கு நேரே பிடிக்கிற துப்பாக்கி இதற்கு உதவாது. அது தோலின் சூட்டை உடம்பின் சூடாக மாற்றிச் சொல்கிற கருவி. பழைய பாதரசத் தெர்மாமீட்டரையும் எடுக்காதீர்கள். 42-க்கு மேல் சூடு ஏறினால் உடைந்துவிடக்கூடும், பாதரசம் எங்கே ஓடியது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும். தொட்டிக்குள் பாதரசம் போட்ட எதையும், லேப் தெர்மாமீட்டரானாலும், தொங்கவிடக் கூடாது.

இப்போது கையில் இரண்டு எண் இருக்கும். ஐஸில் 0.4 கூட்டிக் காட்டியது, 37-ல் 1.2 கூட்டிக் காட்டியது என்றால், 28-ல் சுமார் 1 கூட்டிக் காட்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். 28 இருப்பது 37-க்குத்தான் பக்கம், அதனால் அந்த எண்ணுக்குத்தான் அதிக மரியாதை. ஒரு சின்ன டேப்பில் ‘ஒன்று கழி’ என்று எழுதிக் கருவி மேலேயே ஒட்டிவிடுங்கள். என்றைக்கும் ஒரே அளவில் தப்பாகச் சொல்கிற தெர்மாமீட்டரோடு தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைத்துச் சொல்வதைத்தான் குப்பையில் போட வேண்டும். சோதனையை ஐப்பசி மழை பிடிக்கும்போது ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை செய்தால் போதும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், மீனைப் பொறுத்தது. கப்பிக்கும் மோலிக்கும் 24-ஆ 26-ஆ என்பது பெரிய சங்கதி இல்லை. டிஸ்கஸுக்கு 28-லிருந்து 30 வரைதான் இடம். அந்த இரண்டு டிகிரிக்குள் நிற்க வேண்டுமென்றால் தெர்மாமீட்டரின் பிழை அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு 30-க்கு ஏற்றி வைத்தியம் பார்க்கும்போது இது இன்னும் முக்கியம். இரண்டு டிகிரி குறைத்துச் சொல்கிற கருவியை நம்பினால் தண்ணீர் உண்மையில் 32-ல் இருக்கும். கடல்மட்டத்துக் கணக்கில் 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30-ல் அது 7.6 தான், மேலே போகப் போக இன்னும் குறையும். நோயில் செவுள் புண்ணான மீனுக்கு அந்த நேரத்தில்தான் மூச்சு அதிகம் தேவை. சூடு ஏற ஏற, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷமும் கூடுகிறது. பிஎச் 8 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் விஷமாக நிற்கும் பங்கு 25 டிகிரியில் நூற்றுக்கு ஐந்து சொச்சம், 30-ல் ஏழரையை ஒட்டி.

வாங்குவது பற்றி. உங்கள் தொட்டிக்கு என் சிபாரிசு இரண்டு கருவி. ஒன்று தொட்டியில் குடியிருக்கட்டும், இன்னொன்று அலமாரியில் உட்கார்ந்து அதைக் கண்காணிக்கட்டும். அலமாரிக்கு, பள்ளி, கல்லூரி லேப் சாமான் விற்கிற கடையில் ஸ்பிரிட் போட்ட கண்ணாடித் தெர்மாமீட்டர் கேளுங்கள். மைனஸ் 10-லிருந்து 50 வரை போட்டு, கோடுகள் அரை டிகிரிக்கு ஒன்றாக இருந்தால் நல்லது. ஒரு டிகிரிக் கோடு போட்டது கிடைத்தாலும் பரவாயில்லை, பாதியைக் கண்ணால் பிரித்துவிடலாம். எண்கள் கண்ணாடியிலேயே பொறித்திருக்கும் என்பதால் தாள் நழுவும் பேச்சே இல்லை. ஆய்வகங்களைச் சோதித்து அங்கீகரிக்கிற என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழோடு வருவதும் உண்டு. வீட்டுக்கு அது தேவையில்லாத செலவு. மீன் கடையில் கண்ணாடிக் குழாய் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம்: ஸ்டாண்டில் பத்து தொங்கினால் பத்தையும் ஒரு தட்டில் வரிசையாக வைக்கச் சொல்லிப் பாருங்கள். ஏழு ஒரே எண்ணைக் காட்டும், மூன்று கட்சி மாறி நிற்கும். அந்த ஏழில் ஒன்றை எடுங்கள். சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதற்கு இடம்கொடுக்க மாட்டார்கள், வாரநாளில் போனால் சிரித்துக்கொண்டே எடுத்து வைப்பார்கள்.

தொட்டிக்குள் குடியிருக்க, உங்கள் ஊர்க் குளிருக்கு, வெறும் தெர்மாமீட்டரைவிட ஹீட்டரை அதுவே போட்டு அணைக்கிற கண்ட்ரோலர் வாங்குவது மேல். எவர்சில்வர் உறை போட்ட மொட்டாகப் பாருங்கள். ஹீட்டரின் சொந்தத் திருகில் உள்ள எண் இரண்டு மூன்று டிகிரி தள்ளி இருப்பது சகஜம் என்பதால் 29 வைத்தேன், 29 இருக்கும் என்று நினைக்க முடியாது. கண்ட்ரோலரில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. மொட்டு எப்படியோ தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட்டால், அது உங்கள் அறையின் 14 டிகிரியைப் படித்து, ஐயோ குளிர்கிறது என்று ஹீட்டரை நிறுத்தாமல் ஓடவிடும். விடிவதற்குள் மீன் வெந்துவிடும். சக்ஷன் கப்பை மட்டும் நம்பாமல், ஃபில்டர் குழாயோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கேபிள் டேகும் போட்டுக் கட்டுங்கள். ஹீட்டரின் திருகையும் உச்சத்தில் வைக்காமல், தண்ணீர் 31-க்கு மேல் போகாத இடமாகப் பார்த்து வைத்தால் அது இரண்டாவது காவல்.

சர்க்யூட் கட்டத் தெரிந்தவர்கள் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் வாங்கிக்கொள்கிறார்கள். அசலானால் அரை டிகிரிக்குள் நிற்கும். சந்தையில் போலியும் நிறையப் புழங்குகிறது, அதையும் ஐஸில் வைக்காமல் நம்பாதீர்கள். அகச்சிவப்புத் துப்பாக்கியை நான் விரும்புவதில்லை. கண்ணாடி வழியே குறிவைத்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், மேலிருந்து குறிவைத்தால் ஆவியாகிக் குளிர்ந்த மேற்பரப்பைச் சொல்லும். நாற்பது தொட்டி வைத்திருக்கிற கடைக்காரருக்கு ஒரு சுற்று சுற்றிவர அது சௌகரியம்.

வைக்கிற இடம்: ஹீட்டர் ஒரு கோடியில் என்றால் மொட்டு மறுகோடியில், பாதி ஆழத்தில், தண்ணீர் ஓடுகிற இடத்தில். மணலில் புதைக்கக் கூடாது. கையை விடும் முன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட மறக்காதீர்கள்.

தண்ணீர் மாற்றும்போது பக்கெட்டுக்கும் தொட்டிக்கும் ஒரே தெர்மாமீட்டரை வையுங்கள். அப்போது அது ஒரு டிகிரி தப்பாகச் சொன்னாலும் இரண்டு இடத்திலும் ஒரே தப்பு. வித்தியாசம் சரியாகவே வரும். உங்கள் குழாய்த் தண்ணீர் குளிரில் 15-க்குக் கூட வரும், கீசர் தண்ணீர் கலந்து தொட்டியோடு ஒரு டிகிரிக்குள் கொண்டுவந்த பிறகு ஊற்றுங்கள்.

சோதித்துப் பார்த்ததில் தண்ணீர் உண்மையில் 26 அல்லது 27-ல்தான் இருக்கிறது என்று தெரிந்தால் பதறி ஹீட்டரை ஒரேயடியாகத் திருகிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு டிகிரி, அதுவும் காலையில் ஏற்றுங்கள், பகல் முழுக்க மீனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏர் பம்ப்பைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். 29-க்கு வந்து இரண்டு நாளில் மீனின் நிறம் தெளிந்து தீனிக்கு முன்னால் வந்து நின்றால், ஸ்டிக்கரை அப்படியே விட்டுவிட்டு அந்த டிஜிட்டல் மொட்டை மட்டும் மாற்றிவிடுங்கள்.